அக்கா மகளுக்குக் கயாக் பயிற்சி மையத்தில் இடம் கிடைத்திருக்கிறது. முழுநேரமாக அனுப்பலாமா?

முத்துநகர் மாமா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் அக்கா மகளுக்கு 15 வயது. நல்ல உயரம், நீச்சலில் மாவட்ட அளவில் பரிசு வாங்கியவள். கேரளாவில் நடந்த ஒரு தேர்வு முகாமுக்கு அவளுடைய பி.டி. டீச்சர் கூட்டிப்போனார். உயரம், கை விரித்த அகலம் எல்லாம் அளந்து, ஓடவிட்டு, புல்-அப்ஸ் எடுக்கச் சொல்லி, கடைசியில் கயாக் ஸ்பிரிண்டுக்குத் தேர்வு செய்திருக்கிறார்கள். மையம் ஆலப்புழாவில். தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் மையத்தின் பொறுப்பு.

அக்கா வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார். அக்காவுக்கு அரை மனசு. முடிவை என் தலையில் வைத்துவிட்டார்கள். அவளோ இப்போதே பெட்டி கட்டிவிட்டாள். எனக்குக் கயாக் என்றால் பிச்சாவரத்தில் சுற்றுலா வந்தவர்கள் ஓட்டுவது மட்டும்தான் தெரியும். முழுநேர வீராங்கனை என்றால் நாள் பூராவும் என்ன செய்வார்கள்? படிப்பு என்னாகும்? பிற்காலத்துக்கு ஏதாவது உண்டா? தோள் ஆம்பளை மாதிரி ஆகிவிடும் என்று எங்கள் ஆத்தா வேறு அழுகிறார். இதில் இருந்தவர்கள் யாராவது உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

விளையாட்டு ஆசிரியர் எழுதியது:

வேலைவாய்ப்பு பற்றி மட்டும் சொல்கிறேன். தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் உண்டு. மத்திய அரசிலும் விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் எந்தப் போட்டியில் வாங்கிய சான்றிதழ், யார் கையெழுத்து, எந்தப் படிவம் என்பதில்தான் பிள்ளைகள் அடிபடுகிறார்கள். பதக்கத்தை மாட்டி வைக்கிறார்கள், படிவத்தைத் தொலைத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு போட்டி முடிந்ததும் சான்றிதழை ஸ்கேன் செய்து நீங்கள் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

லேன் ஏழு எழுதியது:

மாமா, நான் இப்போதும் ஓட்டிக்கொண்டிருப்பவள். கே1 என்றால் ஒருவர் ஓட்டும் கயாக், கே2 என்றால் இருவர் ஓட்டுவது. இரண்டிலும் எனக்கு 500 மீட்டர். உங்கள் பிள்ளை வயதில் ஆலப்புழாவில் ஆரம்பித்தேன். இன்று ஒரு துணை ராணுவப் படையின் அணியில் இருக்கிறேன், சம்பளம் வருகிறது. அனுப்புங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் எதற்கு அனுப்புகிறோம் என்று தெரிந்து அனுப்புங்கள்.

முதலில் அந்த பிச்சாவரம் கயாக்கை மறந்துவிடுங்கள். பந்தயத்துக்கான கே1 படகு 5.20 மீட்டர் நீளம், 12 கிலோ எடை. அகலம் இடுப்பை விடக் கொஞ்சம்தான் கூடுதல். அடிப்பாகம் வளைந்திருப்பதால் சும்மா உட்கார்ந்தாலே கவிழும். துடுப்பு தண்ணீருக்குள் இருக்கும்வரை படகு நிற்கும், வெளியே எடுத்த நொடியில் ஆடும். ஆரம்ப வாரங்கள் முழுக்க விழுவதும், படகை இழுத்துக்கொண்டு கரைக்கு நீந்துவதும், கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி ஏறுவதும்தான். நீச்சல் தெரிந்த பிள்ளை என்பதால் இதில் பாதிப் பயம் இப்போதே போய்விட்டது.

ஒரு நாள் எப்படிப் போகும் என்று கேட்டீர்கள். வெளிச்சம் வரும்போது தண்ணீரில் இருக்க வேண்டும். புன்னமடைக் காயலில் காலையில் அலை இருக்காது, ஹவுஸ்போட்டுகள் கிளம்பியிருக்காது. 10, 12 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து சாப்பாடு. அப்புறம் ஜிம். பலகையில் குப்புறப் படுத்து பார்பெல்லை மார்பு வரை இழுப்பது எங்களுக்கு முக்கியமான பயிற்சி. மதியம் தூக்கம், அதுவும் பயிற்சியில் சேர்ந்ததுதான். தூங்காமல் போனில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் சாயங்காலம் தண்ணீரில் மாட்டிக்கொள்வார்கள். மாலை மறுபடி படகு, அல்லது ஓட்டம்.

500 மீட்டர் என்பது பெண்களுக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம். உலகத்தின் முன்வரிசை 1 நிமிடம் 50 நொடிக்குள் முடித்துவிடும். இரண்டு நிமிடப் பந்தயத்துக்கு ஏன் காலையும் மாலையும் இப்படி மெதுவாக ஓட்டிக்கொண்டே இருக்கிறோம் என்று எனக்கும் சேர்ந்த புதிதில் புரியவில்லை. அந்த இரண்டு நிமிடத்துக்கான சக்தியில் பாதிக்கு மேல் மூச்சுக்காற்றில் இருந்து வருகிறது. அதனால்தான் நிமிடத்துக்கு 60, 70 துடுப்பு என்ற நிதானத்தில் கிலோமீட்டர் கணக்காகப் போகிறோம். பந்தயத்தில் அதுவே 120 வரை போகும். அவ்வளவு வேகத்திலும் ஒவ்வொரு துடுப்பும் முன்னால் போய் முழுசாக இறங்க வேண்டும். எங்கள் துடுப்பின் இலை கரண்டி மாதிரி குழிந்து, ஓரம் சுருண்டிருக்கும். அதைக் கையால் இழுத்தால் தோள் போய்விடும். காலால் மிதித்து, இடுப்பைத் திருப்பி, உடம்பால் இழுக்க வேண்டும். இது உடம்பில் ஏற இரண்டு வருஷம் ஆகும். அந்த இரண்டு வருஷம் பதக்கம் எங்கே என்று யாரும் அவளைக் கேட்காதீர்கள். இதை அக்காவிடமும் சொல்லிவையுங்கள்.

ஆலப்புழாவில் இன்னொரு தொல்லை ஆகாயத்தாமரை. நீங்கள் நன்றாகப் போய்க்கொண்டிருப்பீர்கள், திடீரென்று படகு கனக்கும். நம் உடம்புதான் சோர்ந்துவிட்டது என்று தோன்றும். சுக்கானில் வேர் மாட்டியிருக்கும். காலடியில் இருக்கும் கம்பியை இடமும் வலமும் ஆட்டிப் பார்க்க வேண்டும். போகவில்லை என்றால் படகை நிறுத்தி நாலு துடுப்பு பின்னோக்கிப் போட்டால் கழன்று மிதக்கும். டைம் டிரையலில் இப்படி மாட்டினால் அழுகைதான் வரும்.

கை காய்க்கும், காய்ப்பு கிழியும், கிழிந்த இடத்தில் பிளாஸ்டர் ஈரத்தில் ஒட்டாது. கடினமான தோலை வளரவிடாமல் வாரத்துக்கு ஒருமுறை தேய்த்துவிடப் பழக்க வேண்டும். அக்காவிடம் நேரடியாகச் சொல்ல வேண்டிய ஒன்றும் இருக்கிறது, இங்கேயே சொல்கிறேன். மாதவிடாய் நாட்களிலும் தண்ணீரில் இறங்குவோம். பேட் அதற்குச் சரிப்படாது, கப் பழகிக்கொள்ளலாம். வலி இருந்தால் கோச்சிடம் வாய் திறந்து சொல்லும் பழக்கம் பிள்ளைக்கு வேண்டும். மையத்தில் பெண் கோச்சோ பெண் வார்டனோ இருக்கிறாரா என்று போனதும் பாருங்கள்.

போட்டி அன்று படகின் மூக்கை ஸ்டார்ட்டில் ஒரு தொட்டிக்குள் நுழைத்துப் பிடித்திருக்க வேண்டும். பக்கவாட்டுக் காற்று அடித்தால் வால் பகுதி நகர்ந்துகொண்டே போகும், நேராக்கிக்கொண்டே சத்தத்துக்குக் காத்திருப்போம். தொட்டி கீழே இறங்கிய நொடியில் ஒன்பது பேரும் பாய்வோம். முடிந்த பிறகு சில படகுகளைத் தராசில் ஏற்றிப் பார்ப்பார்கள். 12 கிலோவுக்குக் குறைந்தால் ஜெயித்ததும் செல்லாது.

வலியை விடக் கஷ்டமானது அணியில் இடம் பறிபோவது. கே4 படகில் நாலு பேர். தனித்தனியாக வேகமான நாலு பேரை உட்கார வைத்தால் படகு வேகமாகப் போகும் என்று சொல்ல முடியாது. ஒரு தேசியப் போட்டிக்கு முந்தைய வாரம் என்னைக் கே4-இல் இருந்து இறக்கினார்கள். கே1 டைமிங்கில் நான்தான் முன்னால் இருந்தேன். எனக்குப் பதிலாக உட்கார்ந்த பெண்ணோடு படகு இன்னும் வேகமாகப் போனது, ஸ்டாப்வாட்ச் அதைக் காட்டியது. மறுத்துப் பேச ஒன்றும் இல்லை. அந்த ராத்திரி ஹாஸ்டலில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உங்கள் பிள்ளைக்கும் இப்படி ஒரு நாள் வரும். அன்றைக்கு வீட்டில் இருந்து வரும் போனில் கோச்சைத் திட்டாமல் இருந்தால் போதும்.

எனக்கு மனசில் நிற்கும் குறை படகுதான். படகை ஓட்டுபவரின் எடைக்குத் தக்க அளவில் செய்கிறார்கள். போர்ச்சுகலின் நெலோ, போலந்தின் பிளாஸ்டெக்ஸ் என்று எல்லாம் வெளியில் இருந்து வர வேண்டும், விலையோ லட்சக்கணக்கில். 55 கிலோ பெண்ணை 80 கிலோ ஆணுக்கான பழைய படகில் உட்கார வைத்தால் படகு தண்ணீரில் சரியாக இறங்காது, காற்று அடித்துக்கொண்டு போகும். அவளுக்கு ஆட்டம் வரவில்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். இப்படித் திறமையான பிள்ளைகள் ஊருக்குத் திரும்பிப் போனதைப் பார்த்திருக்கிறேன். அதனால் மையத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, என் பிள்ளைக்கு எந்தப் படகு, அதை எத்தனை பேர் பங்கு போடுகிறார்கள் என்பது.

சர்வதேசப் பதக்கம் பற்றியும் நிஜத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆசிய விளையாட்டில் இந்தியா 1994-இல் ஹிரோஷிமாவில் ஒரு வெண்கலம் வாங்கியது, சிஜி சதானந்தனும் ஜானி ரோமெலும். அடுத்த பதக்கம் 2023-இல் ஹாங்சோவில், அர்ஜுன் சிங்கும் சுனில் சிங் சலாமும். நடுவில் 29 வருஷம். இரண்டுமே சி2 1000 மீட்டர், அதாவது இருவர் முழங்கால் போட்டு, ஒரு முனையில் மட்டும் இலை உள்ள துடுப்பால் ஓட்டும் கேனோ. மாற்றுத்திறனாளிகளுக்கான பாரா கேனோவில் பிராச்சி யாதவ் டோக்கியோ பாராலிம்பிக்கில் ஃபைனல் வரை போனார், 2023 ஆசிய பாரா விளையாட்டில் தங்கம் வாங்கினார். போபாலில் பயிற்சி எடுத்தவர். எனவே வழி இல்லாமல் இல்லை, தூரம் அதிகம். பெண்களுக்கான கேனோ ஒலிம்பிக்கில் சேர்ந்ததே டோக்கியோவில்தான். உங்கள் பிள்ளையைக் கேனோவிலும் சில நாள் உட்கார வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கயாக்கில் சுமாராக இருந்து கேனோவில் பிரமாதமாக வந்தவர்கள் எங்கள் அணியிலேயே உண்டு.

ரூர் நதிக்கரை எழுதியது:

நான் ஜெர்மனியில் டூயிஸ்பர்க் பக்கம் இருக்கிறேன். 2023 ஆகஸ்டில் உலகச் சாம்பியன்ஷிப் இங்கே வேடாவ் பந்தயத் தடத்தில் நடந்தது, மகனோடு போய் உட்கார்ந்து பார்த்தேன். லேன் ஏழு சொன்ன அந்த ஸ்டார்ட்டை நேரில் பார்த்தால் உடம்பு சிலிர்க்கும்.

இங்கே கதை வேறு. ஊருக்கு ஊர் கிளப் இருக்கிறது, பிள்ளைகள் எட்டு, ஒன்பது வயதில் அகலமான படகில் ஆரம்பிக்கிறார்கள். தேசிய அணிக்கு வந்தவர்களில் பலர் ராணுவத்தின் விளையாட்டுப் பிரிவிலோ போலீஸிலோ சம்பளத்தில் இருந்துகொண்டு பயிற்சி எடுக்கிறார்கள். ஆண்கள் கே4 500 மீட்டரில் டோக்கியோ, பாரிஸ் இரண்டிலும் தங்கம் இவர்களுக்குத்தான். ஆக, துணை ராணுவத்தில் சேர்ந்து ஓட்டுவது நம் ஊரில் வேறு வழியில்லாமல் செய்வது என்று நினைக்க வேண்டாம். உலகத்தின் மிகப் பெரிய அணி ஒன்றும் அப்படித்தான் ஓடுகிறது.

நம் பக்கம் ஒரு பெரிய அனுகூலம் இருக்கிறது. இங்கே குளிர்காலத்தில் தண்ணீரில் விரல் மரத்துப்போகும், சில ஏரிகள் உறைந்தே போகும். அணிகள் வெயில் தேடித் தெற்கே பறக்கின்றன. ஆலப்புழாவில் வருஷம் பூராவும் ஓட்டலாம். நல்ல படகும் நல்ல கோச்சும் கிடைத்தால் அந்தத் தண்ணீர் பலன் தராமல் போகாது என்று நான் நம்புகிறேன்.

முத்துநகர் மாமா எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. லேன் ஏழு, உங்கள் பதிலை அக்காவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். போனில் கோச்சைத் திட்டக்கூடாது என்ற விஷயத்தில் அக்கா தலையாட்டினார். மூன்று சந்தேகம். பத்தாம் வகுப்பை எங்கே முடிப்பது? தோள் விஷயத்தில் ஆத்தாவுக்கு என்ன சொல்வது? 200 மீட்டர் பந்தயம் இருக்கிறதாமே, அவள் வேகக்காரி, அது சுலபமாக இருக்குமா?

லேன் ஏழு எழுதியது:

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 200 மீட்டர் நம் நாட்டுப் போட்டிகளில் இருக்கிறது, ஓட்டட்டும். ஆனால் கே1 200 டோக்கியோவோடு ஒலிம்பிக்கில் இருந்து போய்விட்டது. பாரிஸில் பெண்கள் கயாக் மூன்று பந்தயமும் 500 மீட்டர்தான். மூன்றிலும் தங்கம் வென்ற படகில் நியூசிலாந்தின் லிசா கேரிங்டன் இருந்தார். 200-க்கென்றே உடம்பை வளர்த்த பலர் ஒரே முடிவில் பாதையை இழந்தார்கள். 15 வயதுப் பிள்ளைக்கு 500 மீட்டரை அடித்தளமாகப் போட்டால் எந்தப் பக்கமும் திரும்பலாம்.

தோள் அகலும் மாமா. முதுகும் அகலும், தைத்த ஜாக்கெட் எதுவும் ஒரு வருஷத்தில் போடமுடியாது. வெயிலில் கறுத்தும் போவாள். என் தோளை எனக்குப் பிடிக்கும். 12 கிலோ படகைத் தோளில் வைத்துக்கொண்டு காற்றில் தனியாகப் படித்துறை வரை நடப்பேன். ஆத்தாவிடம் ஒன்றும் மறைக்க வேண்டாம், இதையே சொல்லுங்கள். அடுத்த லீவில் பிள்ளை வந்து நிற்கும்போது அவரே தொட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.

படிப்புக்கு, மையத்தின் பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பார்கள் என்றால் மலையாளமா ஆங்கிலமா, தமிழ் எடுக்கமுடியுமா என்று முன்பே கேளுங்கள். எனக்கு அங்கே வருகைப் பதிவில் பெரிய சிக்கல் வந்தது. போட்டி மார்ச்சில் வந்தால் பரீட்சை என்னாகும் என்று எழுத்தில் வாங்குங்கள். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் எழுதிப் பாஸ் பண்ணியவர்கள் என்னோடு படையில் இருக்கிறார்கள், அது கேவலமான வழி இல்லை. முடிந்தால் பத்தாம் வகுப்பை ஊரிலேயே முடித்துவிட்டு ஜூனில் சேர மையம் சம்மதிக்குமா என்று கேட்டுப் பாருங்கள். ஒரு வருஷம் தள்ளினால் ஒன்றும் முழுகிவிடாது, நீச்சலை மட்டும் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சேர்க்கைக் கடிதம் கையில் வரும்வரை ஸ்கூலில் டி.சி. வாங்காதீர்கள்.

எப்போது போனாலும் பெட்டியில் உடம்போடு ஒட்டுகிற டி-ஷர்ட் ஐந்தாறு வையுங்கள். தொளதொள சட்டை அக்குளை அறுக்கும், வாஸ்லின் டப்பா பெரிசாகவே வேண்டும். ஜூன் மழையில் ஹாஸ்டலில் எதுவும் காயாது.