காஸ்மெட்டிக்ஸ் கவுண்ட்டர் வேலையில் மேக்கப் கை தேறுமா?

மைவிழி கேட்டது:

பியூட்டிஷியன் கோர்ஸ் முடித்தாயிற்று. பிரைடல் மேக்கப் பக்கம் போகத்தான் ஆசை. அதற்கு முன் சென்னையில் ஒரு மாலில் பியூட்டி அட்வைசராக ஒரு வருஷம் இருக்கலாமா என்று யோசனை. நாள் முழுக்க நிற்கணும், சேல்ஸ் டார்கெட் இருக்கும், அதெல்லாம் தெரியும். அங்கே கை உண்மையிலேயே தேறுமா, இல்லை பொருள் விற்க மட்டும்தான் பழகுவோமா? தேறும் என்றால் எதில்? விவரம் தெரிந்த அக்காமார் சொல்லுங்க.

ஷேடுகார்டு:

தேறும். ஆனால் முதலில் தேறுவது கை இல்லைம்மா, கண். கோர்ஸில் கூடப் படிக்கிற நாலைந்து பேர் முகத்திலேயே மாற்றி மாற்றிப் போட்டிருப்பீங்க. கவுண்ட்டரில் பதினெட்டு வயசுப் பெண்ணும் அறுபது வயசு அம்மாவும் அடுத்தடுத்து வந்து உட்காருவார்கள். எண்ணெய் வழிகிற முகம், வறண்ட முகம், பரு முகம், மங்கு விழுந்த முகம் எல்லாம் ஒரே நாளில் வரும்.

ஷேடு பார்ப்பதையே எடுத்துக்குங்க. மணிக்கட்டில் தேய்த்துப் பார்ப்பதை முதல் வாரமே விட்டுவிடுவீங்க. தாடை ஓரத்தில், கன்னத்திலிருந்து கழுத்துக்கு இறங்குகிற மாதிரி மூன்று மெல்லிய கோடு போடணும். நடுவில் நீங்கள் நினைக்கிற ஷேடு, ஒரு பக்கம் அதைவிட ஒரு படி வெளுப்பு, மறுபக்கம் ஒரு படி கறுப்பு. ஓரத்தை மட்டும் விரலால் லேசாகக் கலைத்துவிட்டுப் பத்து நிமிஷம் அப்படியே விடுங்க. சரும எண்ணெயும் காற்றும் பட்டதும் பல ஃபவுண்டேஷன் கொஞ்சம் கறுக்கும். போட்ட நிமிஷமே பார்த்துக் கொடுத்தால், “வீட்டுக்குப் போனதும் முகம் கறுத்துப்போச்சு” என்று மறுநாள் பாட்டிலோடு வந்து நிற்பார்கள். கடை லைட்டையும் நம்பக்கூடாது. வெள்ளை எல்இடி வெளிச்சத்தில் மஞ்சள் சாயல் அமுங்கிவிடும். வாசல் பக்கம் கூட்டிப்போய்ப் பகல் வெளிச்சத்தில் காட்டிவிட்டுத்தான் பில் போடணும்.

நம்ம ஊர் முகத்தில் நெற்றி ஒரு நிறம், வாயைச் சுற்றி ஒரு நிறம், கன்னம் ஒரு நிறம், கழுத்து வேறு நிறம். எதற்கு மேட்ச் பண்ணுவது? கழுத்தும் மார்பும்தான் கணக்கு. வாயோரக் கறுப்பை மறைக்க ஃபவுண்டேஷனை வெளுப்பாக எடுக்கக்கூடாது. கறுப்பை அடக்குகிற ஆரஞ்சு நிற கிரீமை, அதாவது கரெக்டரை, அரிசி அளவு எடுத்து, கறுப்பு இருக்கிற இடத்தில் மட்டும் தட்டி, அதன் மேல் சரும நிற கன்சீலர். வெளிர் நிறச் சருமம் என்றால் ஆரஞ்சுக்குப் பதில் பீச். மஞ்சள் பூசிக் குளிக்கிறவர்கள் வந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அந்த மஞ்சள் கறையை அண்டர்டோன், அதாவது தோலின் இயல்பான அடிச்சாயல், என்று நினைத்து ஏமாந்துபோவோம். காதுக்குப் பின்னாலோ தோள்பட்டையிலோ மஞ்சள் படாத இடத்தைப் பாருங்க.

“ஒரு ஷேடு வெளுப்பா குடுங்க” என்று பாதிப் பேர் கேட்பார்கள். மாநிறத்தில் வெளுப்பு ஷேடு போட்டால் முகம் சாம்பல் பூத்துவிடும். வெளிர் ஷேடில் வெள்ளை நிறமியான டைட்டானியம் டையாக்சைடு கூடுதல், கறுத்த தோலின் மேல் அது நீலம் கலந்த சாம்பலாகத்தான் தெரியும். வாதாட வேண்டாம். ஒரு கன்னத்தில் அவர் கேட்டது, மறு கன்னத்தில் பொன் சாயலில் சரியான ஷேடு. கண்ணாடியைக் கையில் கொடுத்துவிட்டு வாசலில் நிறுத்துங்க.

ஒவ்வொரு பிராண்டும் ஷேடுக்கு வைக்கிற எழுத்துகளும் அங்கேதான் மனப்பாடமாகும். மேக் பிராண்டில் என்சி வரிசை பொன், மஞ்சள் சாயலுக்கு, என்டபிள்யூ இளஞ்சிவப்புச் சாயலுக்கு. ‘சி’ என்றால் கூல், அதாவது இளஞ்சிவப்புச் சாயல்தானே என்று எடுத்துக் கொடுத்தால் தலைகீழாகப் போகும்.

பிரஷ்பெட்டி:

ஷேடு பற்றி அவங்க சொன்னது முழுக்க சரி. சுத்தம் பற்றியும் சொல்லணும். பிரைடல் வேலையில் பலர் கோட்டைவிடுவது இங்கேதான், கவுண்ட்டரில் அது கைப்பழக்கமாகிவிடும்.

டெஸ்டர் லிப்ஸ்டிக்கை நேராக உதட்டில் வைக்கவே கூடாது. ஸ்பேட்சுலாவால் சுரண்டி, ஸ்டீல் பேலட்டில் வைத்து, டிஸ்போசபிள் பிரஷ்ஷால் போடணும். மஸ்காராவுக்கு ஒவ்வொரு கண்ணுக்கும் புது வாண்ட் (மஸ்காரா பிரஷ்), தொட்டதை மறுபடி டியூபுக்குள் விடாதீங்க. காஜல் பென்சிலை ஒவ்வொரு ஆளுக்கும் முன்னால் சீவி, ஆல்கஹால் அடித்து, முழுசாகக் காயவிடணும். காம்பாக்ட் மேல் பகுதியை டிஷ்யூவால் துடைத்துவிட்டு 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஸ்ப்ரே. 99 சதவீதம் இன்னும் நல்லதென்று நினைக்காதீங்க, அது கிருமியைக் கொல்வதற்குள் ஆவியாகிவிடும். 70-ல் இருக்கிற தண்ணீர்தான் அதைக் கொஞ்ச நேரம் நிற்க வைக்கிறது.

அடுத்து, எது எதோடு சேராது என்பது. ஃபவுண்டேஷன் திரித்திரியாக உருண்டு வந்தால் முதலில் அடியில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்க. சன்ஸ்க்ரீன் காய்வதற்குள் மேலே தேய்த்திருப்பார்கள், இல்லையென்றால் தண்ணீர் சார்ந்த பிரைமர் (ஃபவுண்டேஷனுக்கு முன்னால் பூசுவது) மேல் சிலிக்கான் ஃபவுண்டேஷன் போயிருக்கும். டைமெத்திகோன், சைக்ளோபென்டாசிலோக்சேன் என்ற பெயர்கள் பாட்டிலில் போட்டிருக்கிற சேர்மானப் பட்டியலில் மேலே இருந்தால் சிலிக்கான் வகை. சன்ஸ்க்ரீனுக்கு அஞ்சு நிமிஷமாவது விட்டு, தேய்க்காமல் ஈர ஸ்பாஞ்சால் ஒற்றினால் பாதிப் பிரச்சினை தீரும்.

த்ரெடிங் பண்ணிய கையோடு வருகிறவர்களுக்கு அந்த இடத்தில் எதுவும் போடாதீங்க, எரியும், பொரியும். ஸ்டிக்கர் பொட்டு வைக்கிற இடத்தில் வெள்ளையாகத் தெரிந்தால் கன்சீலர் விற்காதீங்க. பசையால் அப்படி வரலாம். பொட்டை நிறுத்திவிட்டுத் தோல் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்க.

முகூர்த்தம்:

அவசரப்பட்டு முழு நம்பிக்கை வைக்காதீங்க தங்கச்சி. கவுண்ட்டர் டெமோ பத்துப் பதினைந்து நிமிஷம். பிரைடல் என்றால் இரண்டு மணி நேரம், விடிகாலை மூணு மணிக்கு ஆரம்பித்து மதியம் வரைக்கும் ஹோமப் புகையிலும் வேர்வையிலும் நிற்கணும். ஏசியில் போட்டு அனுப்பிய முகம் ஆறு மணி நேரம் கழித்து எப்படி இருக்கிறது என்று கவுண்ட்டரில் நீங்கள் பார்க்கவே முடியாது. ஃப்ளாஷில் வெள்ளையடிப்பதும் தெரியாது. சிலிக்கா பவுடர் அதிகமானால் கண்ணுக்கடியில் திட்டுத்திட்டாக ஃபோட்டோவில் வரும். கொண்டை, ஜடை, புடவை மடிப்பு எதுவும் அங்கே கிடையாது. கையில் இருப்பதும் ஒரே பிராண்ட்தான்.

ஆறேழு மாதம் போதும். வார லீவில் ஒரு பிரைடல் ஆர்ட்டிஸ்ட்டுக்கு அசிஸ்டன்ட்டாகப் போங்க.

மைவிழி:

ரொம்ப நன்றி அக்கா. பதினைந்து நிமிஷ டெமோவில் கை வேலைக்கு எதைக் குறிவைத்துப் பழகணும்?

ஷேடுகார்டு:

பாதி முகம். ஒரு பக்கம் நீங்கள் போடுங்க, மறுபக்கத்தை அவரையே போடச் சொல்லி வாயால் வழிகாட்டுங்க. எந்த இடத்தில் உங்களுக்கு வார்த்தை வரவில்லையோ அதை நீங்களே பழக்கத்தில்தான் செய்கிறீர்கள், காரணம் தெரியாது என்று அர்த்தம். அன்றைக்கே அதை டிரெய்னரிடம் கேளுங்க.

ஐலைனரில் தினமும் இரண்டு கண்ணாவது பழகணும். இமை மடிந்து விழுகிற கண்ணில், கண்ணை மூடி வால் வரைந்தால் திறந்ததும் உடைந்து தெரியும். நேராகப் பார்க்கச் சொல்லி, கீழ் இமையின் கோடு எங்கே போய் முடியுமோ அங்கே ஒரு புள்ளி வைங்க. அந்தப் புள்ளியிலிருந்து உள்ளே இழுங்க. காஜல் வழிந்தால் மேலே மேலே காஜல் போடாமல், கீழ் இமையோரத்தை ஒற்றி எடுத்து, அடர் பிரவுன் ஐஷேடோவை மெல்லிய பிரஷ்ஷால் அழுத்துங்க. எண்ணெயை அந்தப் பவுடர் பிடித்துக்கொள்ளும்.

ஃபவுண்டேஷன் ஒரு பம்ப்பில் ஆரம்பிங்க. நடு முகத்தில் வைத்து வெளியே இழுத்தால் அதிலேயே பெரும்பாலான முகத்துக்குக் காணும். போதாத இடத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம். பவுடருக்கு முன்னால் டிஷ்யூவால் ஒருமுறை ஒற்றிவிடுங்க, எண்ணெய் மேல் பவுடர் போனால் சென்னை வேர்வையில் கேக் மாதிரி திரளும்.