1,000 ரூபாய்க்குப் பதில் கடமை கேட்கலாமா?

காட்பாடிக்காரன்:
மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர்ல ஆரம்பிச்சு மாசம் 1,000 ரூபா வருது. வேணாம்னு சொல்லல. வாங்குறவங்க பதிலுக்கு ஏதாவது செய்யணும்னு வெச்சா என்ன தப்பு? ஆஸ்திரேலியாவுல வேலையில்லாதவங்க வேலை தேடினதைக் காட்டணும், இல்லேன்னா உதவித்தொகை நிக்கும். 'பரஸ்பரக் கடமை'ன்னு பேரு. நம்ம முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவியும் அப்படித்தானே? கர்ப்பத்தைப் பதிஞ்சு, குழந்தைக்குத் தடுப்பூசி போட்டாதான் தவணை.

ஏரிக்கரை:
அண்ணா, அதுல நர்சம்மா வீடு தேடி வர்றாங்க, ஊசி இலவசம். அரசு தன் பங்கைச் செஞ்சிட்டுத்தான் நம்ம பங்கைக் கேக்குது. உரிமைத் தொகை, பொம்பளைங்க கூலியில்லாம செய்யுற வீட்டு வேலைக்கு அங்கீகாரம்னு அரசே சொல்லுச்சு. செஞ்சு முடிச்ச வேலைக்கு மறுபடி என்ன கடமை?

கடமை பேசணும்னா நூறு நாள் வேலையைப் பேசுங்க. வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் எங்கம்மா ஏரி வேலைக்குப் போனாங்க. வேலைக்கு வந்ததைக் காட்ட காலைல ஒரு போட்டோ, மதியம் ஒரு போட்டோ, ஆப்புல ஏத்தணும். ஏரிக்குள்ள டவர் கிடைக்காது. வேலையை மேற்பார்வை பாக்குற 'மேட்' பொண்ணு செல்லைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு கரை மேல ஏறுவா. கீழ முப்பது பேர் மம்மட்டியோட வெயில்ல நிப்பாங்க. போட்டோ ஏறலேன்னா அன்னிக்குக் கூலி போச்சு. அம்மாவோட கடமையை அவ்வளவு கறாரா எண்ணினாங்க. கூலி வந்தது எழுபது நாள் கழிச்சு. நூறு நாள் வேலைக்கான 2005 சட்டத்துல கூலி தர 15 நாள்தான் கெடு, தாண்டினா நாளுக்கு 0.05 சதவீதம் நஷ்டஈடு. எங்க தெருவுல ஒருத்தர் கைக்கும் அது வரல.

பாலாத்தங்கரை:
அமிர்தி பக்கம் நாகநதியில இதே நூறு நாள் பொம்பளைங்கதான் குழி வெட்டி உறை இறக்கி, மழைத்தண்ணி பூமிக்குள்ள போக வழி பண்ணாங்க. மரத்தடியில உக்காந்திருக்காங்கன்னு பேசறவங்க, அன்னிக்கு அவங்களுக்கு என்ன வேலை ஒதுக்குனாங்கன்னும் விசாரிக்கணும்.

காட்பாடிக்காரன்:
கூலி தாமதம் தப்பு, அதுல சண்டையில்ல. அரசு தவறினதால மக்கள் பங்கே வேணாம்னு ஆயிடுமா? என் வரிப்பணம், கேக்க எனக்கு உரிமை உண்டு.

ஏரிக்கரை:
சோப்பு வாங்கும்போது எங்கம்மாவும் வரி கட்டுறாங்க அண்ணா. நீங்க சொன்ன ஆஸ்திரேலியாவுலயே கம்ப்யூட்டர்ல தப்பா கணக்குப் போட்டு ஏழைங்க மேல இல்லாத கடனை ஏத்தினாங்க. அது சட்டவிரோதம்னு ஆகி, 2023ல விசாரணை ஆணையம் கடுமையா கண்டிச்சது. ரெண்டு பக்கமும் கேளுங்க. அந்த 2005 சட்டப்படி, நூறு நாள் வேலை கேட்டு எழுதிக் கொடுத்தா தேதி போட்ட ரசீது தரணும். அதுலேருந்து 15 நாள்ல வேலை தரலேன்னா வேலையில்லாப் படி, முதல் 30 நாளுக்குக் கூலியில கால் பங்காவது. அம்மா மூணு தடவை எழுதிக் கொடுத்தாங்க. ஒரு ரசீதும் தரல.

காட்பாடிக்காரன்:
ரசீது விஷயம் இப்பதான் தெரியுது. அடுத்த கிராம சபையில நீங்க கேளுங்க, எங்க ஊர்ல நானும் கேக்கறேன். 1,000 ரூபா பத்தி என் கருத்து மாறல.