டேனியல் கலம் ஏன் 1.10 காட்டல? – வீட்டார் வாட்ஸ்அப் குழு

காலை 10:12
கவின்: சித்தி, டேனியல் கலம் செட் பண்ணேன், அதான் ஜிங்க் சல்பேட்டுல ஜிங்க் தகடும் காப்பர் சல்பேட்டுல காப்பர் தகடும் வச்சு மின்சாரம் எடுக்கிறது. புக்குல 1.10 வோல்ட்டு. மீட்டர்ல 0.71 தான். அதுவும் ஒரு இடத்துல நிக்காம இறங்கிட்டே இருக்கு. கரைசல் நீர்த்துப் போச்சா?

கலா சித்தி: கரைசல் மேல பழி போடாதப்பா. கரைசலோட செறிவை வச்சு வோல்ட்டைக் கணக்கிடுற நெர்ன்ஸ்ட் சமன்பாட்டுல போட்டுப் பாரு. காப்பர் சல்பேட்டு பத்து மடங்கு நீர்த்துப் போனாலும் 0.03 வோல்ட்டுதான் குறையும். 1.07 வரணும்.

கலா சித்தி: கிட்டத்தட்ட 0.4 காணோம்னா உலோகமே வேற. ஜிங்க்குன்னு எதைப் போட்ட?

கவின்: ஜி.ஐ. ஷீட்டு துண்டு. உப்புத்தாள் போட்டு பளபளன்னு தேய்ச்சேன் சித்தி

முத்து மாமா: அதான் மாப்ளே. ஜி.ஐ. தகடு முழுக்க இரும்பு, ஜிங்க் வெறும் மேல்பூச்சு. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்ல அம்பதுல ஒரு பங்குக்குள்ளதான் இருக்கும். அழுத்தித் தேய்ச்சா போயிரும். காந்தம் வச்சுப் பாரு. ஒட்டுச்சுன்னா அது ஜிங்க் தகடு இல்ல.

கவின்: ஒட்டுது 😐

கலா சித்தி: இப்ப கணக்கு பாரு. திட்ட மின்முனை மின்னழுத்தம் ஜிங்க் –0.76, இரும்பு –0.44, காப்பர் +0.34. ரெண்டு உலோகத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் கலத்தோட வோல்ட்டு. ஜிங்க்–காப்பர் 1.10. இரும்பு–காப்பர் 0.78. நீ தேய்ச்சதுல மிச்சம் ஒட்டியிருந்த ஜிங்க்கும் கரைய கரைய மீட்டர் இரும்பு பக்கமா இறங்கியிருக்கு. இந்தத் திட்ட மதிப்பெல்லாம் 1 மோலார், அதாவது லிட்டருக்கு ஒரு மோல் அயனி இருக்குறப்பதான். உன் கரைசல்ல இரும்பு அயனி அவ்வளவு கிடையாது, காத்துல இருக்குற ஆக்சிஜனும் குறுக்க வரும். அதனால சரியா 0.78ல நிக்கும்னு எதிர்பார்க்காத.

கலா சித்தி: இன்னொண்ணு. முதலைக் கிளிப்பு கரைசலைத் தொடவே கூடாது. நனைஞ்சா அந்தக் கிளிப்பும் ஒரு மின்முனையா வேலை செய்ய ஆரம்பிச்சிடும்.

முத்து மாமா: ஜிங்க் தகடு லேப் சாமான் விக்கிற கடையில வாங்கு. பழைய பேட்டரியை அறுத்து எடுக்கலாம்னு வீடியோல காட்டுவாங்க, அது வேண்டாம். ஆல்கலைன் பேட்டரிக்குள்ள பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, கண்ணுல தெறிச்சா ஆபத்து. லித்தியம் தீப்பிடிக்கும்.

அம்மா: கலா, உரக்கடையில வாங்கின ஜிங்க் சல்பேட்டு பாக்கெட்டுல 33 சதவீதம்னு போட்டிருக்கே. அதுவே போதுமா?

கலா சித்தி: போதும்க்கா. அந்த சதவீதம் ஜிங்க்கோட அளவு. ஆனா 1 மோலார் கரைசலுக்கு எடை மாறும். 33ன்னா ஒரு நீர் மூலக்கூறு உள்ளது, 100 மில்லிக்கு 18 கிராம். 21ன்னா ஏழு நீர் உள்ளது, 28.75 கிராம். மயில்துத்தம், அதான் காப்பர் சல்பேட்டு, 25 கிராம். எல்லாத்தையும் முதல்ல 70, 80 மில்லில கரைச்சுட்டு அப்புறம் 100க்கு நிரப்பணும். 100 மில்லி தண்ணியில கொட்டினா அளவு கூடிப் போகும்.

கலா சித்தி: போர் தண்ணி வேண்டாம். அதுல இருக்குற பைகார்பனேட்டால மயில்துத்தம் கலங்கி, வெளிர்நீலமா அடியில படியும். டிஸ்டில்டு வாட்டர் வாங்குக்கா. கடையில பேட்டரி ஆசிட்டை மாத்திக் குடுத்துடப் போறாங்க, லேபிளைப் பார்த்து வாங்கு. சமையல் பாத்திரம் எதையும் இதுக்கு எடுக்காதீங்க. கண்ணாடி இல்லேன்னா பிளாஸ்டிக்.

மாலை 6:40
கவின்: நிஜ ஜிங்க் போட்டாச்சு. 1.08!! ஆனா ரெண்டு கலத்தைத் தொடரா கோத்து சிவப்பு எல்இடி வச்சா எரியல. தனியா அளந்தா 2.16. எல்இடி மாட்டினா 1.6க்கு வந்துடுது

முத்து மாமா: ரெண்டு கிண்ணத்துக் கரைசலையும் இணைக்கிற உப்புப்பாலம் எதுல போட்ட?

கவின்: வடிதாள் துண்டு, பொட்டாசியம் நைட்ரேட்டுல நனைச்சது

கலா சித்தி: மின்னழுத்தம் சரி, மின்னோட்டம்தான் வரல. ஜிங்க் கரையுறப்ப அந்தக் கிண்ணத்துல நேர் அயனி கூடுது. இந்தப் பக்கம் காப்பர் அயனி தகட்டுல படிஞ்சு சல்பேட்டு மட்டும் மிஞ்சுது. இதைச் சமன் பண்ண நைட்ரேட்டு ஜிங்க் பக்கமும், பொட்டாசியம் காப்பர் பக்கமும் போகணும். அது எவ்வளவு வேகமா போகுதோ அவ்வளவு எலக்ட்ரான்தான் கம்பியில ஓடும். மெல்லிசான நீளத் தாள்ல பாதை குறுகல், ஆயிரக்கணக்குல ஓம் தடை. மீட்டர் மின்னோட்டமே இழுக்காது, அதனால அது 2.16 காட்டும். எல்இடி இழுத்ததும் அழுத்தமெல்லாம் பாலத்துலயே செலவாயிடுது.

கலா சித்தி: டேனியல் 1836ல உப்புப்பாலமே போடல. முதல்ல மாட்டோட தொண்டைக்குழாயைத் தடுப்பா வச்சார், அப்புறம் மெருகு பூசாத சுட்ட மண் குவளை. தந்தி ஆபீசுக்கெல்லாம் இந்தக் கலம்தான் போச்சு.

முத்து மாமா: அப்ப டீக்கடை மண் கப் போதுமே! உள்ள வழவழப்பா மெருகு பூசியிருக்கக் கூடாது. ஜிங்க் சல்பேட்டுல அரை மணி ஊறப் போடு. கப்புக்குள்ள ஜிங்க் தகடும் அந்தக் கரைசலும். கப்பை மயில்துத்தக் கரைசலுக்குள்ள இறக்கி, சுத்தி காப்பர் தகடு. ரெண்டு மட்டமும் ஒண்ணா இருக்கட்டும். மேல வழிஞ்சு கலக்கக் கூடாது.

கவின்: கலந்தா என்ன மாமா?

கலா சித்தி: ஜிங்க் மேல கருஞ்செம்பு நிறத்துல பஞ்சு மாதிரி காப்பர் படியும். எலக்ட்ரான் கம்பி வழியா வராம அங்கயே கைமாறிடும். வினை அதேதான், ஆனா மின்சாரம் கிடைக்காது, கரைசல் சூடாகும்.

முத்து மாமா: எல்இடிக்கு 1.8 வோல்ட்டாவது வேணும். ரெண்டு கலம்னா மங்கலாத்தான் எரியும். மூணு போடு, கூட 100 ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு. எல்இடியோட நீளக் கால் காப்பர் பக்கம்.

கலா சித்தி: செய்முறைத் தேர்வுல ஆனோடு நேர்குறியா எதிர்குறியான்னு கேட்பாங்க. குறியை மனப்பாடம் பண்ணாத. ஆக்சிஜனேற்றம், அதாவது எலக்ட்ரான் இழப்பு, எங்கயோ அதுதான் ஆனோடு. இதுல ஜிங்க், எதிர்குறி. மாமா பட்டறையில காப்பர் முலாம் பூசுறப்ப ரெக்டிஃபையரோட நேர்முனையில மாட்டுற காப்பர் கட்டிதான் ஆனோடு.

முத்து மாமா: முலாம் கணக்கும் போட்டுப் பாரு. 0.1 ஆம்பியர், ஒரு மணி நேரம்னா 360 கூலும். ஒரு மோல் எலக்ட்ரானோட மின்னூட்டம் 96,485ஆல வகு, காப்பருக்கு ரெண்டு எலக்ட்ரான், அதனால 2ஆல வகு, காப்பரோட அணு நிறை 63.5ஆல பெருக்கு. 0.118 கிராம் வரும்.

அம்மா: வேலை முடிஞ்சதும் இந்த நீலத் தண்ணியை எங்க ஊத்துறது? கிணத்தடியிலயா?

கலா சித்தி: கிணத்தடி, குளம், வாய்க்கால் எங்கயும் வேண்டாம்க்கா. காப்பர் மீனைக் கொல்லும். மூடி போட்ட பாட்டில்ல பேர் எழுதி வச்சா திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். தேவையில்லேன்னா ஸ்கூல் லேப்ல குடுத்துடலாம். கவின், ராத்திரி ஜிங்க் தகட்டை வெளிய எடுத்துக் கழுவி வை. மண் கப் வழியா காப்பர் மெல்லக் கசிஞ்சு உள்ள வந்துட்டேதான் இருக்கும்.