ரேடியேட்டர் பாதி கழற்றியாச்சு, கீழ் ஓஸ் வரவில்லை. அவசர உதவி!

தாம்பரம்காரன் (ஞாயிறு, காலை 10:40)
ரேடியேட்டர் ஒழுகுகிறது. புதுசு வாங்கி வைத்துவிட்டேன், வீட்டு வாசலிலேயே மாற்றிக்கொண்டிருக்கிறேன். மேல் ஓஸ் வந்துவிட்டது. கீழ் ஓஸ் ஒட்டிக்கொண்டு அசையவே மாட்டேன் என்கிறது. ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பலாமா? ஏசி பைப்பையும் கழற்ற வேண்டுமா? செவ்வாய்க்கிழமை அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், வண்டி கட்டாயம் வேண்டும். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

பத்தாம்நம்பர்_ஸ்பேனர்
எந்த வண்டி, எந்த வருஷம், பெட்ரோலா டீசலா? எங்கே ஒழுகுகிறது?

லாரிக்காரன்
தம்பி, புதுசு எதற்கு? இரண்டு ஸ்பூன் மஞ்சள் தூள் போட்டு ஓட்டிப் பாருங்கள், தானாக அடைபடும். கிருஷ்ணகிரி மேட்டில் லோடோடு நின்றுபோன வண்டியை இப்படித்தான் ஊர் கொண்டுவந்து சேர்த்தேன்.

மூத்தவன்
இதே கேள்வி மாதத்துக்கு இரண்டு தடவை இங்கே வருகிறது, பழைய இழைகளை யாரும் படிப்பதில்லை. ஒழுகுவது ரேடியேட்டர்தான் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? வாட்டர் பம்ப் சீல் போனால் அதன் அடியில் இருக்கும் சின்ன ஓட்டை வழியாகச் சொட்டும். காற்று அதைப் பரப்பிவிடும், பார்ப்பவர்கள் ரேடியேட்டர் என்று நினைத்து ஆயிரக்கணக்கில் செலவு செய்வார்கள். இன்ஜின் ஓடும்போது ரேடியேட்டர் வாயில் விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட்டையும் (இன்ஜின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் சீல்) பார்க்க வேண்டும். இதையெல்லாம் பார்க்காமல் ஸ்பேனரைக் கையில் எடுக்கக் கூடாது.

மஞ்சள் தூள் நடு ரோட்டில் நின்றவனுக்கு ஊர் போய்ச் சேர உதவும், அவ்வளவுதான். அது ஒழுகும் இடத்தை மட்டும் அடைக்காது, மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைக்கும்.

தாம்பரம்காரன்
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். 2010 ஆல்டோ, பெட்ரோல். அப்பா ஓட்டிய வண்டி. அவர் கூலன்ட் ஊற்றியதே இல்லை, எப்போதும் வீட்டு போர் தண்ணீர்தான். பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் விளிம்பில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது, அங்கேதான் ஈரம். பம்ப் பக்கம் காய்ந்துதான் இருக்கிறது.

பத்தாம்நம்பர்_ஸ்பேனர்
அப்படியானால் ரேடியேட்டர்தான். பழைய பித்தளை ரேடியேட்டர் என்றால் பட்டறையில் ஈயம் வைத்து ஒட்டித் தருவார்கள். பிளாஸ்டிக் தொட்டியில் அது நடக்காது, மாற்றுவதுதான் சரி.

நெம்ப வேண்டாம். பழைய ரேடியேட்டர் வாய் உடைந்தால் போகட்டும், ஆனால் உடைந்த பிளாஸ்டிக் துண்டு ஓசுக்குள் விழுந்தால் நேராக இன்ஜினுக்குப் போகும். ஸ்க்ரூ டிரைவர் முனை ஓசின் உள்பக்கத்தைக் கீறினால் புது ரேடியேட்டரிலும் அதே இடத்தில் ஒழுகும். கிளிப்பைப் பின்னால் தள்ளிவிட்டு, ஓசை இரண்டு கையாலும் பிடித்துத் துணி பிழிவது போல் இடமும் வலமும் திருகுங்கள். வராவிட்டால் புது ஓஸ் வாங்கி வைத்துக்கொண்டு, பழையதை பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்து எடுங்கள். 2010இன் ரப்பருக்காக அழ வேண்டாம்.

ஏசி பைப்பைத் தொடவே தொடாதீர்கள், கேஸ் போய்விடும். ஏசி கேஸைக் குளிர்விக்கும் கண்டென்சர் முன்னால் தனியாக நிற்கும். மேல் போல்ட்டுகளைக் கழற்றியதும் ரேடியேட்டரை ஃபேனோடு நேராக மேலே தூக்கினால் வரும். இடையில் ஒரு அட்டையைச் செருகிக்கொண்டால் கண்டென்சர் தகடுகள் மடங்காது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டீர்கள்தானே?

தாம்பரம்காரன்
இல்லை. இப்போது கழற்றிவிடுகிறேன்.

வெயில்_வேலூர்
கழற்றுவதோடு, இன்ஜின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்து வைக்கும் தெர்மோஸ்டாட்டையும் எடுத்து வீசிவிடுங்கள். நம்ம ஊர் வெயிலுக்கு அது எதற்கு? குளிர் நாட்டுக்காரன் போட்டது. என் அம்பாசடரில் 20 வருஷமாகக் கிடையாது, ஒரு நாளும் ஹீட் ஆனதில்லை.

மூத்தவன்
இந்தப் பேச்சைக் கேட்டுக் கெட்ட வண்டிகள் ஏராளம். உங்கள் அம்பாசடரில் கார்புரேட்டர். ஆல்டோவில் கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து தருகிறது. இன்ஜின் சூடேறவில்லை என்று சென்சார் சொன்னால் அது கூடுதலாகப் பெட்ரோல் தெளிக்கும். மைலேஜ் குறையும், ஆயில் கெடும், பிஸ்டன் தேயும். தெர்மோஸ்டாட் 80 டிகிரியைத் தாண்டித் திறப்பது குளிருக்காக இல்லை, இன்ஜின் அந்தச் சூட்டில் ஓடத்தான் செய்யப்பட்டிருக்கிறது.

வெயில்_வேலூர்
சென்னையில் பாதி மெக்கானிக்குகள் கழற்றித்தானே தருகிறார்கள்? அவர்களுக்கெல்லாம் தொழில் தெரியாதா?

மூத்தவன்
தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கிக்கொண்டால் இன்ஜின் கொதிக்கும். கழற்றினால் அன்றைக்குப் பிரச்சினை தீர்ந்த மாதிரி இருக்கும், வாடிக்கையாளர் காசு கொடுத்துவிட்டுப் போவார். புதுசு போட வேண்டிய இடத்தில் வெற்றிடம் விடுவதை நான் தொழில் என்று சொல்ல மாட்டேன்.

லாரிக்காரன்
இரண்டு பேரும் பிறகு சண்டை போடுங்கள். தம்பி ரோட்டில் வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு நிற்கிறான்.

இல்லத்தரசி_டிரைவர்
தம்பி, வடித்த தண்ணீரை வாசலில் விட்டுவிடாதீர்கள். இப்போது வெறும் போர் தண்ணீர்தான், ஆனால் இனி கூலன்ட் ஊற்றப் போகிறீர்கள். அது இனிப்பாக இருக்கும், தெருநாய் நக்கினால் சிறுநீரகம் போய் செத்துவிடும். எங்கள் தெருவில் ஒரு குட்டியை அப்படித்தான் இழந்தோம். சிந்தினால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள்.

பத்தாம்நம்பர்_ஸ்பேனர்
மாட்டும்போது இரண்டு விஷயம். ரேடியேட்டரின் அடியில் உட்காரும் ரப்பர் புஷ் பழையதோடு ஒட்டிக்கொண்டு வரும். கவனிக்காமல் அதையும் சேர்த்துக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டால் புதுசு ஆடிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் விரிசல் விட்டுவிடும். மூடியையும் புதுசாகப் போடுங்கள். 0.9 என்று எழுதிய மூடி (அது தாங்கும் அழுத்தம், பார் கணக்கில்) சரியாகப் பிடித்தால் வெறும் தண்ணீரே 118 டிகிரி வரை கொதிக்காது. அதன் ரப்பர் போயிருந்தால் 100லேயே பொங்கும்.

ஊற்றுவதற்கு முன் இரண்டு தடவை நல்ல தண்ணீர் விட்டு இன்ஜினை அலசுங்கள், செம்மண் நிறத்தில் துரு வரும். கூலன்ட் கலந்து விற்பது என்றால் அப்படியே ஊற்றுங்கள், கலக்காதது என்றால் டிஸ்டில்டு வாட்டர் பாதிக்குப் பாதி. வண்டியின் மூக்கு மேடாக நிற்கட்டும். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடியைத் திறந்தபடியே ஸ்டார்ட் செய்து, மட்டம் இறங்க இறங்க ஊற்றுங்கள். ஃபேன் இரண்டு தடவை ஓடி நின்றால் பெரும்பாலும் காற்று வெளியேறியிருக்கும். பிறகு மூடுங்கள். சூடாக இருக்கும்போது திரும்பத் திறக்கவே கூடாது.

வெயில்_வேலூர்
ஹீட்டரே போடாத ஊரில் ஹீட்டர் எதற்கு?

பத்தாம்நம்பர்_ஸ்பேனர்
அந்தக் குழாயிலும் காற்று நிற்கும், அதற்காகத்தான்.

லாரிக்காரன்
தம்பி, என்ன ஆச்சு?

தாம்பரம்காரன் (திங்கள், இரவு 9:15)
எல்லோருக்கும் நன்றி. திருகிப் பார்த்து வரவில்லை, பிளேடால் கீறித்தான் எடுத்தேன். உள்ளே சுண்ணாம்பு மாதிரி கெட்டியாகப் படிந்திருந்தது. புஷ் ஒன்று நிஜமாகவே பழைய ரேடியேட்டரோடுதான் இருந்தது, எடுத்துவிட்டேன். ஃபேன் இரண்டு தடவை ஓடி நின்றது, இன்று 20 கிலோமீட்டர் ஓட்டினேன், சொட்டு இல்லை. காலை 6 மணிக்குக் கிளம்புகிறோம்.

பத்தாம்நம்பர்_ஸ்பேனர்
நல்லது. கிளம்பும் முன், இன்ஜின் ஆறியிருக்கும்போதே ரிசர்வ் டேங்க் மட்டத்தைப் பாருங்கள், கொஞ்சம் இறங்கியிருக்கும். அம்மாவுக்கு நல்லபடியாக முடியட்டும்.

மூத்தவன்
தெர்மோஸ்டாட்டை எடுத்துவிடவில்லையே?