சீலா மீனின் நிறையா, திணிவா?

கீழக்கரை ஓய்வாசிரியர்:
இயற்பியல், வேதியியல், கணிதம் ஆகிய மூன்றுக்கும் தமிழில் புதிதாக வந்திருக்கும் நூல்கள் நம் கடற்கரைப் பிள்ளைகளுக்குக் கிடைத்த பெரும்பேறு என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். அவர் இயற்பியல் நூலின் அட்டையையாவது தாண்டினாரா என்பது எனக்கு ஐயமே. இரண்டாம் இயலில், பாம்பன் ஏலக்கூடத்துத் தராசில் கிடக்கும் ஒரு சீலாவைப் படமாகப் போட்டு, ‘இம்மீனின் திணிவு 4 கிலோகிராம்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். முப்பது ஆண்டுகளாக ‘நிறை’ என்று நான் கற்பித்ததற்கு இது என்ன புதுப்பெயர்?

மண்டபத்துக்காரர்:
எழுதியவன் நான்தான் ஐயா, கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுத்தான் எழுதினேன். திணிவு புதுப்பெயர் அன்று. மன்னாரில் நான் படித்த காலம் முழுவதும் அதுவே பாடநூற்சொல். நீங்கள் ‘எடை’ என்பதைத்தான், அதாவது பொருளைப் புவி இழுக்கும் விசையைத்தான், அங்கே ‘நிறை’ என்பார்கள். அங்கே கதி என்றால் இங்கே வேகம், அங்கே வேகம் என்றால் இங்கே திசைவேகம், அங்கே ஆர்முடுகல் என்றால் இங்கே முடுக்கம். 1990இல் படகேறி வந்து இக்கரைப் பள்ளியொன்றில் சேர்ந்த நான், முதல் தேர்வில் ஒரு பொருளின் நிறையை விசையின் அலகான நியூட்டனில் எழுதிப் பூச்சியம் வாங்கினேன். இரு கரைச் சொற்களையும் அருகருகே அட்டவணையாகத் தந்த இப்படியொரு நூல் அன்று இருந்திருந்தால் அந்தப் பூச்சியம் விழுந்திருக்காது.

கீழக்கரை ஓய்வாசிரியர்:
நிறையை நியூட்டனில் எழுதினால் நானும் பூச்சியம்தான் போட்டிருப்பேன். நன்னூலிலேயே ‘நிறைகோல்’ இருக்கிறது. திணிவுகோல் என்று எந்தப் புலவர் பாடினார்? நிறை என்றால் நிறை.

தொண்டி வாசகி:
நன்னூலில் நிறைகோல் ஆசிரியருக்கு உவமை ஐயா, ஒரு பக்கமாகச் சாயக்கூடாது என்பதற்காகச் சொன்னது. அது நிற்க, படத்தில் இருப்பது மின்தராசு. அது விசையை உணர்ந்து கிலோகிராமாகக் காட்டுவது. சந்திரனுக்குக் கொண்டுபோனால் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கே காட்டும். படிக்கல் வைத்து நிறுக்கும் இருதட்டுத் தராசு அங்கும் மாறாது. கிலோகிராமுக்கு அளவுகோலாகப் பாரிசுக்கு அருகே 1889 முதல் இருந்துவந்த பிளாட்டினம்-இரிடியம் உருளைக்கு ஓய்வு கொடுத்து, 2019 மே 20 முதல் பிளாங்க் மாறிலி என்னும், இயற்கையில் என்றும் மாறாத ஓர் அளவைக் கொண்டு வரையறுப்பதை இந்நூல் அழகாக விளக்குகிறது. அதைப் பேச இங்கே ஒருவரும் இல்லை.

கீழக்கரை ஓய்வாசிரியர்:
உருளைக்கு ஓய்வு கொடுக்கலாம், சொல்லுக்குக் கொடுக்க முடியாது. வரையறையை வைத்துக்கொண்டு மீன் வாங்க முடியுமா? நான் கேட்டது ஒன்றே ஒன்று: நிறை என்ற சொல் இருக்கத் திணிவு எதற்கு?

பாம்பன் படகுக்காரர்:
நிறையோ திணிவோ, படத்தில் இருப்பது சீலாவே அன்று. வாயையும் பல்லையும் பார்த்தால் ஊளி என்று சிறு பிள்ளையும் சொல்லும்.

மண்டபத்துக்காரர்:
உடம்பில் குறுக்குக் கோடுகள் தெரிகின்றனவே, அது சீலாதான்.

பாம்பன் படகுக்காரர்:
ஊளிக்கும் கோடு உண்டு. கரையில் நின்று பார்ப்பவர்களுக்கு எல்லாம் சீலாதான்.

ஏர்வாடி மாணவர்:
ஒரு செய்தி மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் ஐயா அந்த நூலை விலைக்கு வாங்கவில்லை. இரண்டு நாளில் தருகிறேன் என்று என்னிடம் இரவல் பெற்றுப் பதினைந்து நாள் ஆகிறது. எனக்கு அடுத்த வாரம் தேர்வு.

கீழக்கரை ஓய்வாசிரியர்:
தம்பி, நூல் பத்திரமாகவே இருக்கிறது. ‘திணிவு’ வரும் இடமெல்லாம் சிவப்பு மையால் அடித்து ‘நிறை’ என்று திருத்திக்கொண்டு வருகிறேன். இன்னும் ஆறு இயல்கள் மீதி இருக்கின்றன.