உதவி: கம்பு சுற்றும்போது வாட்ச் காட்டும் நாடித்துடிப்பை நம்பலாமா?

கேள்வி (கரூர்க்காரன்):
வயது 41. சிலம்ப வகுப்புக்குப் போக ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. நிதானமாக ஒற்றைக் கம்பு சுற்றும்போது வாட்ச் 165 காட்டுகிறது, எனக்கு மூச்சே வாங்குவதில்லை. தொடுமுறையில் (எதிராளியோடு கம்பு மோதும் ஆட்டம்) இறங்கி நாக்குத் தள்ளும்போது 98 என்கிறது! பிரஷர் மாத்திரையும் சாப்பிடுவதால் பயமாக இருக்கிறது. எதை நம்புவது?

பதில் (நெடுங்கம்பு):
தம்பி, எனக்கும் இதே தொல்லை இருந்தது. வாட்ச் பச்சை வெளிச்சம் பாய்ச்சி, தோலுக்கு அடியில் ரத்தம் ஏறி இறங்குவதைப் பார்க்கிறது. கம்பை இறுக்கிப் பிடித்து மணிக்கட்டைச் சுழற்றினால் அந்த இடம் முழுக்க அசையும். ஒரே தாளத்தில் வீசினால் வீச்சின் தாளத்தையே துடிப்பு என்று எண்ணிவிடும். கை மாற்றிக் கட்டியும் பயனில்லை, நமக்கு இரண்டு கையும் சுழலும். மேல்கையில் கட்டும் பட்டை வாங்குங்கள். மார்புப் பட்டை இன்னும் துல்லியம், உள்பக்கத்தைத் தண்ணீரில் நனைத்துக் கட்ட வேண்டும். ஆனால் தொடுமுறைக்கு வேண்டாம், அடி அதன்மேல் விழுந்தால் வலி உயிர் போகும்.

பதில் (பிசியோ மலர்):
காசு செலவழிக்கும் முன், ஆட்டம் நின்ற உடனே கழுத்தில் இரண்டு விரல் வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். தாமதித்தால் துடிப்பு மளமளவென இறங்கிவிடும். இன்னொன்று, அட்டெனோலால், மெட்டோபிரோலால் போன்ற மாத்திரைகள் துடிப்பை ஏறவிடாது. அப்படியானால் அதிகபட்சத் துடிப்பைக் கணிக்க 220-இல் வயதைக் கழிக்கும் கணக்கு உங்களுக்கு ஒத்துவராது. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ கம்பைக் கீழே வைத்துவிடுங்கள்.

நான் அதிகம் நம்புவது கார்ல் ஃபாஸ்டர் என்ற அமெரிக்கர் கொண்டுவந்த முறையைத்தான். வகுப்பு முடிந்து அரை மணி நேரம் கழித்து, மொத்தத்தில் எவ்வளவு கடினம் என்று 0 முதல் 10-க்குள் ஓர் எண் கொடுங்கள். அதை வகுப்பு நடந்த நிமிடங்களால் பெருக்கி நோட்டில் எழுதுங்கள். அந்த எண் வாராவாரம் எப்படிப் போகிறது என்று பாருங்கள்.

கரூர்க்காரன்:
அக்கா, நேற்று தொடுமுறை முடிந்ததும் எண்ணினேன். 15 விநாடியில் 39, அதாவது 156. வாட்சில் 104! என் மாத்திரை ஆம்லோடிபின். அது நீங்கள் சொன்ன வகை இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். நேற்றைய வகுப்பு 7, நேரம் 50 நிமிடம், நோட்டில் 350 என்று எழுதியிருக்கிறேன். மேல்கைப் பட்டைக்கும் ஆர்டர் போட்டாச்சு அண்ணே.