சீகேட்டா, வெஸ்டர்ன் டிஜிட்டலா, சான்டிஸ்கா?

நண்பர்களுக்கு வணக்கம். தரவுச் சேமிப்புத் துறையில் ஐந்தாண்டுகளேனும் வைத்திருக்கும் எண்ணத்துடன் ஒரு தொகையை முதலீடு செய்ய விரும்புகிறேன். உங்கள் கருத்து தேவைப்படுகிறது.

ஹார்ட் டிஸ்க் தயாரிப்பில் சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா ஆகிய மூன்றே நிறுவனங்கள் எஞ்சியிருப்பதால், விலை சரியாமல் காத்துக்கொள்ளும் வலிமை அவற்றுக்கு உண்டு என்று கருதுகிறேன். லேசரால் தட்டின் நுண்புள்ளியைச் சூடாக்கித் தரவைப் பதியும் முறையில், 30 டெராபைட்டும் அதற்கு மேலும் கொள்ளும் டிஸ்க்குகளை 2024-இல் சீகேட் அறிமுகப்படுத்தியது. வெஸ்டர்ன் டிஜிட்டலோ முந்தைய காந்தப் பதிவு முறையையே மெருகேற்றி, தடங்களைக் கூரை ஓடுகள்போல் ஒன்றின்மேல் ஒன்று படியவைத்து, ஏறக்குறைய அதே கொள்ளளவை எட்டியது. பென் டிரைவ், எஸ்எஸ்டி போன்றவற்றில் தரவைச் சேமிக்கும் ஃபிளாஷ் சில்லுகளுக்கான அதன் பிரிவான சான்டிஸ்க் 2025 பிப்ரவரியில் தனி நிறுவனமாகிவிட்டது. ஃபிளாஷ் சில்லுகளின் விலை ஏறி இறங்கும் வேகத்தை நினைத்தால், அதில் பெருந்தொகை போட எனக்குத் துணிவில்லை.

என் மனம் சீகேட் பக்கம் சாய்ந்தாலும், அதன் கடன்சுமையும், மேகக்கணிமை (கிளவுட்) நிறுவனங்கள் கொள்முதலைக் குறைத்த 2023-இல் அது கண்ட நட்டமும் என்னைத் தயங்கவைக்கின்றன. ஆண்டறிக்கைகளைப் படித்துப் பழகியவர்கள், தேவை ஏறி இறங்கும் இந்தச் சுழற்சியில் எந்தக் கட்டத்தில் வாங்குவது பொருத்தம் என்பதையும், சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல் இரண்டிலும் பிரித்துப் போடுவது சரியா என்பதையும் காரணங்களுடன் விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும்.